மன்னிப்புக்குப் பிறகும் நிற்கும் கடன்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு யாழ்ப்பாணம் ஐந்து சந்திக்கு அருகில். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, பக்கத்து வீட்டு அக்கா தன் தையல் மெஷினை வேலிப் பொட்டுக்குள்ளால் எங்கள் வளவுக்குள் வைத்து, "பார்த்துக்கொள், வந்து எடுக்கிறேன்" என்றார். 1993இல், பொருளாதாரத் தடை நெருக்கிய நாட்களில், நான் அதை விற்றுவிட்டேன். அந்தக் காசில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கினோம். 2002இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்ததும் அவர் புத்தளத்திலிருந்து வந்து கேட்டார். "95 இடப்பெயர்வில் போய்விட்டது" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "நீங்களும் பட்டுவிட்டீர்கள்தானே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சென்ற தவக்காலத்தில் கோயிலில் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி பாவமன்னிப்புத் தந்தார். ஆனாலும் மனம் அடங்கவில்லை. ஆண்டவர் உண்மையாகவே மன்னித்தாரா? இன்னொரு தடவை போய்ச் சொல்லவேண்டுமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆண்டவர் மன்னித்துவிட்டார். மனம் வருந்தி, மறைக்காமல் சொல்லி, பாவமன்னிப்பும் பெற்றுவிட்டீர்கள். அதே பாவத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனால், தரப்பட்டதை நீங்கள் நம்பவில்லை என்றாகிவிடும். போகவேண்டாம்.

உங்கள் மனம் அடங்காததற்குக் காரணம் நம்பிக்கைக் குறைவு என்றும் நான் நினைக்கவில்லை. நீங்கள் சொன்னதைச் சுவாமி உயிர் போனாலும் வெளியில் சொல்லமுடியாது. ஆகவே புத்தளத்தில் இருக்கும் அந்த அக்காவுக்கு இன்றுவரை தெரிந்தது நீங்கள் 2002இல் சொன்ன பொய் ஒன்றுதான்.

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த வரிசையை நினைத்துப் பாருங்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், கடைசியாகப் பரிகாரம். அந்தப் பரிகாரத்தை நம்மில் பலர் சில செபங்களோடு முடித்துவிடுகிறோம். திருச்சபையின் போதனை அப்படியில்லை. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும். அந்தப் பாவம் அடுத்தவருக்குச் செய்த சேதத்தை நாம்தான் இயன்றவரை சரிசெய்யவேண்டும். விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரம், பாவத்தை அறிக்கையிடுவதோடு, பொருளின் முழு மதிப்பையும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவரிடம் கொடுக்கச் சொல்கிறது. வரி தண்டிய சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகே, "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று" என்கிறார் இயேசு.

தவக்காலம் தோறும் நாம் சொல்லும் 51ஆம் திருப்பாடலில், "உமக்கு எதிராக, உமக்கு எதிராக மட்டுமே பாவம் செய்தேன்" என்று தாவீது அழுகிறார். அந்த வரி நமக்கு வசதியாகிவிட்டதோ என்று எனக்குக் கவலை உண்டு. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகவும் வைத்தவர் தாவீது. இறைவாக்கினர் நாத்தான் வந்து கண்டித்தபோது உரியா உயிரோடு இல்லை. தாவீது நினைத்தாலும் அவனிடம் போயிருக்க முடியாது. உங்கள் அக்கா இருக்கிறார்.

பொருளை மட்டும் என்றால் ஆள் தெரியாமல் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவருடைய பெயர் கெடாமல், குருவானவர் மூலமாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. உங்களுக்கு அது போதாது. காசை இன்னொருவர் கையில் அனுப்பலாம், சொன்ன பொய்யை அப்படித் திரும்பப் பெறமுடியாது. அதோடு, அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் ஒருவர், பன்னிரண்டு வருட அகதி வாழ்க்கைக்குப் பிறகு வந்து, உங்கள் இழப்புக்காக இரங்கினார். மெஷினைவிட அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

93இல் விற்றதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். அந்த நாட்களில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அன்று அவரிடமே கேட்க வழி இருந்திருந்தால், "விற்றுச் சாப்பிடு" என்று அவரே சொல்லியிருக்கவும் கூடும். 2002இல் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திராது.

ஆகவே புத்தளத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். இன்றைய விலையில் ஒரு நல்ல தையல் மெஷினுக்கு உரிய காசையும், அதற்குமேல் கொஞ்சத்தையும் கொண்டுபோங்கள். முதலில் உண்மையைச் சொல்லுங்கள், பிறகு காசைக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அங்கேயே பதில் வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். அழுகை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அழுதால் அவர் மறுபடியும் உங்களைத்தான் தேற்றவேண்டி வரும். கோபித்தால் கேட்டுக்கொண்டிருங்கள். மன்னிக்காமலே அனுப்பினாலும் அது அவருடைய உரிமை. ஆண்டவர் உங்களுக்குத் தந்தது அதனால் குறைந்துவிடாது.

இன்னொன்று. 95 ஒக்டோபர் 30இல், போர் நெருங்கியபோது, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே இரவோடிரவாகப் பெயர்ந்து போனது உண்மை, நீங்கள் பட்டதும் உண்மை. ஆனால் ஒருமுறை அதை அவரிடம் பொய்க்காகப் பயன்படுத்திவிட்டீர்கள். அவராகக் கேட்டாலன்றி, அன்று அதைப் பற்றி வாய் திறக்கவேண்டாம்.