ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: இலவசமாக ஆரம்பிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம் 2001-ல் ரூன்ஸ்கேப் என்ற இணையவழி விளையாட்டைத் தொடங்கியது. போகப் போக விளையாட்டு ஆளே மாறிப்போனது. பழையதுதான் வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். அதனால் 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பிரதியை 2013 பிப்ரவரியில் ‘ஓல்ட் ஸ்கூல்’ என்று தனியாகத் திறந்தார்கள். 2015-ல் இலவச ஆட்டம் வந்தது, 2018 அக்டோபரில் கைபேசிக்கும் வந்தது. புதிதாக இறங்குபவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஓடுமா? போன்ல அதே கேரக்டரைத் தொடரலாமா?

ஓடும். 2007-ன் வரைகலைதான், சாதாரண மெஷினுக்கு அது பாரமே இல்லை. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாமே ஒரே சர்வர்களில்தான் சேர்கின்றன. வீட்டில் கணினியில் மீன் பிடித்துவிட்டு, பஸ்ஸில் போனைத் திறந்தால் கேரக்டர் அதே ஆற்றங்கரையில் நிற்கும். ஒரே நேரத்தில் ஒரு கருவியில் மட்டும்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் முதலில் கணினியில் லாக்-அவுட் செய்யுங்கள். போனில் ஒரு தட்டு என்றால் இடது கிளிக், அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் மெனு. இந்த அழுத்திப் பிடிப்பது தெரியாமல் பாதிப் பேர் முதல் நாளே தடுமாறுகிறார்கள். பொருளைக் கீழே போடுவது, ஆராய்வது, வேறு ஆளைப் பின்தொடர்வது எல்லாம் அந்த மெனுவுக்குள்தான் இருக்கின்றன.

சென்னையிலிருந்து பிங் 200-க்கு மேல காட்டுது. வீணா?

இல்லை. இந்த விளையாட்டு 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் உங்கள் கட்டளையைக் கணக்கில் எடுக்கிறது. அதற்குப் பெயர் ‘டிக்’. சுடும் விளையாட்டில் 200 மில்லிவிநாடி தாமதம் உயிரை எடுத்துவிடும். இங்கே ஆரம்ப கட்டத்தில் அதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ‘உலகம்’ என்பது இதே விளையாட்டு ஓடும் ஒரு தனி சர்வர். உலகப் பட்டியலில் ஒவ்வொரு உலகத்துக்கும் பக்கத்தில் குறிப்பு இருக்கும். ‘பிவிபி’ என்று எழுதியிருப்பதில் நுழைந்தால் வரைபடத்தின் பெரும்பகுதியில் யார் வேண்டுமானாலும் உங்களைத் தாக்கலாம். சில உலகங்களுக்கு மொத்த லெவல் வரம்பும் உண்டு. குறிப்பு எதுவும் இல்லாத இலவச உலகம் ஒன்றை எடுங்கள்.

டுடோரியல் தீவு முடிஞ்சு லம்பிரிட்ஜ்ங்கிற ஊர்ல விட்டுட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. என்ன செய்யணும்?

இந்த விளையாட்டு கையைப் பிடித்துக் கூட்டிப் போகாது, அதுதான் இதன் இயல்பு. கோட்டையின் தரைத்தளத்தில் சமையலறை இருக்கிறது. அங்கே நிற்கும் சமையல்காரரிடம் பேசுங்கள். பிரபுவின் பிறந்தநாள் கேக்குக்கு அவருக்கு முட்டை, பால், மாவு மூன்றும் வேண்டும். தீவிலிருந்து வரும்போதே உங்கள் பையில் வாளியும் பானையும் இருக்கும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆற்றைத் தாண்டிக் கிழக்கே கோழிப் பட்டி. முட்டை தரையிலேயே கிடக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்துவிட்டார்கள் என்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். பக்கத்திலேயே மாட்டுப் பட்டி. அங்கே சும்மா மேயும் பசுக்களிடம் பால் கிடைக்காது. கறவைப் பசு என்று தனியாக ஒன்று நிற்கும், அதைத் தட்டினால் வாளி நிரம்பும். பிறகு கோட்டைக்கு வடமேற்கே கோதுமை வயலும் அதை ஒட்டிய காற்றாலையும். ஒரு கதிர் பறித்துக்கொண்டு ஆலையின் உச்சி மாடிக்கு ஏறுங்கள்.

மாவுத் தொட்டியில ஒண்ணுமே இல்லையே! தானியத்தை மேல போட்டுட்டுத்தான் கீழ வந்தேன்.

போட்டால் மட்டும் போதாது. அதே மாடியில் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது, அதை இழுத்தால்தான் தானியம் அரைபட்டுக் கீழே இறங்கும். மறுபடி ஏறி இழுத்துவிட்டு தரைத்தளத்துக்கு வாருங்கள். கையில் காலிப் பானை இருந்தால்தான் தொட்டியிலிருந்து மாவு எடுக்க முடியும். மூன்றையும் கொடுத்தால் 300 சமையல் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). முதல் லெவலிலிருந்து ஒரே தாவலில் நான்காவது லெவல்.

பசு அம்பது கொன்னுட்டேன். அட்டாக் இன்னும் 1-லயே நிக்குது. கேம்ல கோளாறா (பக்)?

பக் இல்லை. சண்டை தாவலைத் திறந்து எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்பி எங்கே போகும் என்பதை ஆயுதம் தீர்மானிப்பதில்லை, அந்தப் பொத்தான்தான் தீர்மானிக்கிறது. குறிபார்த்து அடிக்கும் முறை அட்டாக்குக்கு, ஆவேச முறை ஸ்ட்ரெங்த்துக்கு, தற்காப்பு முறை டிஃபென்ஸுக்கு. ‘கன்ட்ரோல்டு’ என்பது மூன்றுக்கும் பகிர்ந்து கொடுக்கும்.

கணக்கு எளிது. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு சேதப் புள்ளிக்கும் 4 எக்ஸ்பி, அதோடு உயிர்ப்புள்ளி ஸ்கில்லுக்கு ஒன்றே கால் சொச்சம். பசுவுக்கு 8 உயிர், எனவே ஒரு பசு 32 எக்ஸ்பி. 20-வது லெவலுக்கு 4,470 வேண்டும், அதாவது 140 பசு. 40-க்கு 37,224, அதாவது 1,160 பசுவுக்கு மேல். 20 வரை பசு போதும், அதன் பிறகு உயிர் அதிகமுள்ள எதிரிக்கு மாறுங்கள். உங்கள் அம்பதும் வீணாகவில்லை. ஸ்டாட்ஸ் தாவலில் பாருங்கள், ஸ்ட்ரெங்த்தோ டிஃபென்ஸோ ஏறியிருக்கும்.

இரும்புல ஆரம்பிச்சு எப்போ எதுக்கு மாறலாம்?

வெண்கலமும் இரும்பும் முதல் லெவலிலேயே எடுக்கலாம். எஃகு 5, மித்ரில் 20, அடமன்ட் 30, ரூன் 40. ஆயுதத்துக்கு அட்டாக், கவசத்துக்கு டிஃபென்ஸ். காசு குறைவு என்றால் முதலில் ஆயுதத்தை மாற்றுங்கள். அடி பலமாக விழுந்தால் எதிரி சீக்கிரம் விழும், கவசத்தின் தேவையும் குறையும்.

கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தைல சில பொருளை விற்க விடமாட்டேங்குது அண்ணா.

புது இலவசக் கணக்குக்கு அந்தப் பூட்டு உண்டு. தானாக ஆடும் நிரல்களை வைத்து மூலப்பொருளை மலைபோல் குவித்து விற்பதைத் தடுக்கத்தான் இது. திறக்க மூன்றும் வேண்டும்: 20 மணி நேர ஆட்டம், மொத்த லெவல் 100, குவெஸ்ட் புள்ளி 10. குவெஸ்ட் என்பது அந்தச் சமையல்காரர் தந்தது போன்ற பணி. முதல் இரண்டும் விளையாட விளையாடத் தானாக வரும். குவெஸ்ட் புள்ளிதான் சிக்க வைக்கும். இரண்டே குவெஸ்டில் பத்தையும் எடுத்துவிடலாம் தம்பி, இரண்டுக்கும் சண்டைத் திறமை தேவையில்லை.

முதலாவது ரோமியோ ஜூலியட், 5 புள்ளி. வாரொக் நகரச் சதுக்கத்தில் ரோமியோ, நகரின் மேற்கே மாடி வீட்டில் ஜூலியட், வடகிழக்கே தேவாலயத்தில் பாதிரியார், தென்மேற்கே மருந்துக்கடைக்காரர். நகருக்குத் தென்கிழக்கே சுரங்கத்தை ஒட்டிய புதரில் கடாவாப் பழம் பறித்து மருந்துக்கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் தரும் மருந்தை ஜூலியட்டிடம் சேர்த்துவிட்டு ரோமியோவிடம் சொல்ல வேண்டும். கடாவா பறிக்கப் போகும்போதே அங்கிருக்கும் செம்பழப் புதரிலிருந்து மூன்று பழம் பறித்து வையுங்கள். அடுத்ததற்கு ஆகும்.

இரண்டாவது கோப்ளின் டிப்ளமசி, இதுவும் 5. ஃபாலடோர் நகருக்கு வடக்கே கோப்ளின் கிராமத்தில் இரண்டு தளபதிகள் கவசத்தின் நிறத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று கோப்ளின் கவசம் வேண்டும், கிராமத்தின் பெட்டிகளிலேயே கிடைக்கும். ஒன்றுக்கு ஆரஞ்சு, ஒன்றுக்கு நீலம், மூன்றாவதை அப்படியே விடுங்கள். சாயம் செய்பவர் டிரேனர் கிராமத்தில் இருக்கும் ‘ஆகி’ என்பவர். சிவப்புக்கு 3 செம்பழம், மஞ்சளுக்கு 2 வெங்காயம், நீலத்துக்கு 2 வோட் இலை, ஒவ்வொன்றுக்கும் கூலி 5 காசு. சிவப்பையும் மஞ்சளையும் கலந்தால் ஆரஞ்சு. வோட் இலை ஃபாலடோர் பூங்காத் தோட்டக்காரரிடம் இருக்கிறது. 20 காசு தருவதாகச் சொல்லுங்கள், இரண்டு இலை தருவார், அது ஒரு நீலச் சாயத்துக்குச் சரி.

சாப்பாட்டுக்கு என்ன வழி? இறால் மூணு புள்ளிதான் ஏத்துது.

மீன்பிடி 20 ஆனதும் பார்பேரியன் கிராமத்து ஆற்றுக்கு மாறுங்கள். அங்கே ட்ரவுட், 30-ல் சால்மனும் சேர்ந்து வரும். ட்ரவுட் 7, சால்மன் 9 உயிர் கொடுக்கும். ஃப்ளை தூண்டிலும் இறகும் வேண்டும், மீன் ஒன்றுக்கு ஓர் இறகு கழியும். கோழிப் பட்டியில் சண்டை பழகும்போதே இறகைச் சேர்த்து வைத்தால் செலவில்லை. பையில் 28 இடம், தூண்டிலும் இறகும் இரண்டை எடுத்துக்கொள்ள, ஒரு நடைக்கு 26 மீன். 40-ல் கரம்ஜா தீவில் லாப்ஸ்டர், 12 உயிர். போர்ட் சாரிமிலிருந்து படகுக்கு 30 காசு, திரும்ப வரவும் 30. கையில் காசில்லாமல் போய் அங்கேயே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சமையல் லெவல் குறைவாக இருந்தால் மீன் கருகும், அதனால் இரண்டு ஸ்கில்லையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

வாரொக் போற வழியில கறுப்பு அங்கிக்காரங்க அடிச்சே கொன்னுட்டாங்க. சாமான் போச்சா?

நகரின் தெற்கு வாசலுக்கு வெளியே ஒரு கல்வட்டம் இருக்கிறது. அங்கே நிற்பவர்கள் டார்க் விஸார்டுகள் என்ற மந்திரவாதிகள், லெவல் 7-ம் 20-ம். உங்கள் சண்டை லெவல் எதிரியின் லெவலைப்போல் இரு மடங்கைத் தாண்டும்வரை இப்படிப்பட்டவர்கள் தாமாக வந்து தாக்குவார்கள். அதனால் 41 ஆகும்வரை அந்த வட்டத்தைச் சுற்றிப் போங்கள்.

சாமான் போகவில்லை. விலை அதிகமான மூன்று உங்களோடு இருக்கும், மற்றவை செத்த இடத்தில் கல்லறைக்குள். உங்களுக்கு 15 நிமிடம் இருக்கிறது. ஓடிப் போய் எடுங்கள், ஆனால் வெறுங்கையோடு அதே மந்திரவாதிகளுக்கு நடுவில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் வங்கியிலிருந்து கொஞ்சம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒருத்தர் கவசத்துக்கு ஓசியில தங்கக் கரை போட்டுத் தர்றேன்னார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அப்படி ஒரு ஸ்கில்லே இந்த விளையாட்டில் கிடையாது. காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவரும் அதே ரகம். சின்னத் தொகையை ஒருமுறை இரட்டிப்பாக்கித் தந்து, பெரிய தொகை வந்ததும் மறைந்துவிடுவார். ‘வா, நல்ல இடம் காட்டுகிறேன்’ என்று வடக்கே கூட்டிப்போகும் ஆள் பெரும்பாலும் வைல்டர்னஸ் எல்லையைத் தாண்ட வைக்கத்தான் அழைக்கிறார். அங்கே உங்களைக் கொன்று சாமானை எடுப்பது விதிப்படியே சரி. இன்றே வங்கிக்கு நாலு இலக்கப் பின் போடுங்கள், கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் இயக்குங்கள்.

ரூன்லைட் போட்டா கணக்கை முடக்குவாங்களா? ஆட்டோ-கிளிக்கர்?

ரூன்லைட் வெளியார் எழுதிய திறமூல கிளையன்ட் (விளையாட்டைத் திறக்கும் மென்பொருள்), ஜாகெக்ஸ் அனுமதித்தது. கணினியில் தாராளமாகப் போடுங்கள், போனுக்கு அது கிடையாது. அதன் உலக மாற்றி ஒவ்வொரு உலகத்தின் பிங்கையும் காட்டும். ஆனால் அதன் சொந்தத் தளத்திலிருந்தோ ஜாகெக்ஸ் லாஞ்சர் வழியாகவோ மட்டும் இறக்குங்கள். தேடலில் வரும் போலித் தளங்கள் கடவுச்சொல்லைத் திருடுபவை. தானாகக் கிளிக் செய்யும் ஆட்டோ-கிளிக்கர் கூடவே கூடாது, ஒரு தடவைகூட. நிஜப் பணத்துக்கு விளையாட்டுக் காசு வாங்குவதும் அப்படித்தான்.

மெம்பர்ஷிப்பை (கட்டணச் சந்தா) எப்போ எடுக்கணும்? பாண்ட் வாங்கி ஓசியிலயே ஆகலாமாமே?

விளையாட்டுக் காசுக்குப் பாண்ட் வாங்கலாம் என்பது உண்மை, ஒரு பாண்டுக்கு 14 நாள் மெம்பர்ஷிப். ஆனால் விலை ஒரு கோடிக் காசுக்கு மேல் போகிறது. மாட்டுத்தோல் ஒன்று 100 காசு என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் பசு! இலவசப் பகுதியில் அதற்காக உழைத்தால் விளையாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

என் யோசனை: டிராகன் ஸ்லேயர் குவெஸ்ட்டை முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இலவசத்தின் உச்சம் அது. 32 குவெஸ்ட் புள்ளி வேண்டும், வழியில் ஏறக்குறைய எல்லா ஊரையும் பார்த்துவிடுவீர்கள், முடித்தால் ரூன் மார்புக்கவசம் அணியும் உரிமை கிடைக்கும். இறுதியில் எல்வர்க் என்ற லெவல் 83 டிராகன். லம்பிரிட்ஜ் கோட்டை மாடியில் பிரபு ஹொரேஷியோவிடம் கேட்டால் டிராகன் நெருப்புக் கேடயத்தைச் சும்மாவே தருவார். அது கையில் இல்லாமல் போனால் ஒரே மூச்சில் ஐம்பது உயிர்கூடப் போகலாம். பை நிறைய லாப்ஸ்டரோடு போங்கள். 14 உயிர் தரும் வாள்மீன் சமைக்க முடிந்தால் அது இன்னும் நல்லது.