புல் வெட்டும் மெஷின் சில்லுக்கு அடித்த பெயின்ட் ஏன் உரிகிறது?

நுவரெலியாவில் பங்களா தோட்டம் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: புல் வெட்டும் மெஷினின் இரும்புச் சில்லுகளுக்கு ஸ்ப்ரே டின் வாங்கி அடித்தேன், கொஞ்ச நாளிலேயே கொப்புளம் போட்டு உரிகிறது, இதைவிட நல்ல பெயின்ட் எது?

பெயின்டை மாற்றிப் பிரயோசனம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரவெல்லாம் கொட்டிலில் கிடந்த இரும்பு காலையில் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், வெயில் ஏறும்போது காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்துவிடும், அந்த ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் இரும்பைப் பிடிக்காது. கீழே துருவோ கிரீஸோ மிச்சமிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கொப்புளம் போட்டதன் மேலேயே திரும்ப அடிக்காதீர்கள், சுரண்டி எடுங்கள். சில்லைக் கழற்றுமுன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி வையுங்கள். காற்றடித்த டயர் என்றால் முதலில் காற்றை முழுக்க இறக்க வேண்டும். இரண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்த ரிம்மைக் காற்றோடு கழற்றினால் தெறித்து ஆளையே அடித்துவிடும்.

அப்புறம் சோப்புத் தண்ணீர். இதை எமரி பேப்பருக்கு முன்பே செய்யுங்கள், இல்லாவிட்டால் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கீறல்களுக்குள் ஏற்றியதுதான் மிச்சம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான். அது அழுக்கை எடுக்கும், ஆனால் எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும், ஆகவே கடைசியில் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைக்காமல் விடக்கூடாது. துருவைக் கம்பி பிரஷாலும் 80 நம்பர் பேப்பராலும் எடுத்து, 180 நம்பரால் மழமழப்பாக்குங்கள். உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்டை எடுக்கத் தேவையில்லை, ஓரம் நகத்தில் தட்டாமல் இருந்தால் சரி. வெறும் இரும்பு தெரிந்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், இந்த ஈரத்தில் ஒரே இரவில் திரும்பத் துரு பூத்துவிடும்.

டயரைக் கழற்றவில்லையென்றால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிவரச் செருகுங்கள், டேப்பைவிட வேகமான வேலை. அச்சுத் துளையைத் துணியால் அடைக்கவும்.

இனி நேரம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் வெயிலுள்ள நாளாகப் பாருங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் இந்த வேலை வேண்டாம். சில்லை முதலில் அடுப்படியில் வைத்துக் கைக்கு இளஞ்சூடாக்குங்கள், ஆனால் அடிப்பது வெளியே, நெருப்புக்கு நன்றாகத் தள்ளித்தான். டின்னில் இருப்பது தீப்பற்றும் வாயு. குளிரில் டின்னின் அழுத்தம் குறைந்து பெயின்ட் துளித்துளியாகத் துப்பும், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் போதும். கொதிநீர் மட்டும் கூடவே கூடாது, வெடித்துவிடும்.

உள்ளே குண்டு கிலுகிலுக்கத் தொடங்கியதும் இன்னும் ஒரு நிமிடம் குலுக்கி, 25–30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல், மெல்லிசாக மூன்று தடவை. முதல் தடவை இரும்பு முழுக்க மூடவில்லையே என்று அவசரப்பட்டு அதே இடத்தில் அமுக்கினால் வழியும். அடுத்த தடவை எப்போது அடிக்கலாம் என்று டின்னில் போட்டிருப்பார்கள், அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடிப்பூச்சு சுருங்கிக்கொள்ளும். மூடுபனி இறங்குமுன் சில்லை உள்ளே எடுத்துவிடுங்கள், ஈரம் பட்டால் பளபளப்புப் போய் வெள்ளை பூத்துவிடும்.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக அடுத்த நாளே மெஷினில் பூட்டிவிடாதீர்கள், நம் குளிருக்கு ஒரு வாரமாவது விட வேண்டும். உரம் போட்ட புல்லை வெட்டிய நாட்களில் சில்லைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொட்டிலில் ஏற்றுங்கள், உர உப்பு ஒட்டிக்கிடந்தால் சின்னக் கீறல் வழியாகவே அடியில் அரிக்கத் தொடங்கிவிடும்.