வாடை சாட்சி சொல்லுமா? தடயவியல் கேள்வி-பதில்

கேள்வி: நன்றாகக் குளித்து, வாசனைத் திரவியமும் பூசிக்கொண்டவரை மோப்ப நாய் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: உடல் வாடையைத் தடயவியலில் மூன்று அடுக்குகளாகப் பார்ப்போம். ஒருவரிடம் நெடுநாள் பெரிதும் மாறாமல் நிலைப்பது முதல் அடுக்கு. உணவாலும் சூழலாலும் சேர்வது இரண்டாவது. சோப்பு, பவுடர், அத்தர் எனப் பூசிக்கொள்வது மூன்றாவது. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு அநேகமாக வாடை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. குளியல் அவற்றை முழுவதும் அகற்றுவதில்லை. துவட்டி முடிப்பதற்குள் சுரப்பிகளும் உதிரும் தோல் செதில்களும் வேலையைத் தொடர்ந்துவிடுகின்றன. அத்தர் ஏமாற்றுவது நம் மூக்கைத்தான்.

கேள்வி: ஒரே கருவில் பிறந்த இரட்டையரின் வாடையும் ஒன்றாகத்தானே இருக்கும்?

பதில்: அப்படித்தான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் 2011இல் வெளியான செக் நாட்டு ஆய்வில், ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே உணவை உண்ட இரட்டையரைக்கூடப் பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் பிரித்தறிந்தன.

கேள்வி: நாய் அவ்வளவு நுட்பமானது என்றால், அது காட்டிய ஆளை நீதிமன்றம் ஏன் தண்டிக்கத் தயங்குகிறது?

பதில்: நெதர்லாந்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். அங்கு சந்தேக நபரும் வழக்கோடு தொடர்பில்லாத சிலரும் எஃகுக் குழாய்களைச் சிறிது நேரம் கையில் பிடித்திருப்பார்கள். பின்னர் அக்குழாய்களை வரிசையாக வைத்து, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த பொருளை மோந்த நாயை அவற்றினூடே நடத்துவார்கள். ஆட்களுக்குப் பதிலாக வாடைகள் நிற்கும் அடையாள அணிவகுப்பு அது. எந்தக் குழாய் யாருடையது என்பது நாயை நடத்தும் காவலருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. ஏனெனில் கயிற்றை ஒரு நொடி தளர்த்துவதும் மூச்சைப் பிடிப்பதுமே நாய்க்குக் குறிப்பாகிவிடும். அந்த விதியைச் சில காவலர்கள் பல ஆண்டுகளாக மீறி வந்தது 2006இல் அம்பலமானது. பிறகு அந்த முறையே அங்கு கைவிடப்பட்டது. அமெரிக்காவின் டெக்சாஸிலும், கொலை நடந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட வாடைச் சோதனையை மட்டுமே நம்பித் தண்டனை விதிக்க இயலாது என்று கூறி, மாநிலத்தின் உயர்நிலைக் குற்றவியல் நீதிமன்றம் 2010இல் ஒருவரை விடுவித்தது. நம் உச்ச நீதிமன்றம் 1969இலேயே, மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அப்துல் ரஜாக் வழக்கில் இதை அலசியிருக்கிறது: நாய் கூண்டேறிச் சாட்சி சொல்லாது, அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. ஆகவே நாய் காட்டுவது புலன்விசாரணைக்குத் திசை; தீர்ப்புக்கு அதன் எடை மிகக் குறைவு. என் கருத்தும் அதுவே, நாயின் மீதுள்ள ஐயத்தால் அல்ல, கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் மனிதர் என்பதால்.

கேள்வி: நாய்க்குப் பதிலாக இயந்திரம் வந்துவிடாதா?

பதில்: முயற்சி நடக்கிறது. ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தார் 60 பேரின் உள்ளங்கை வாடையை, கலவையிலுள்ள வேதிப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபி முறையில் பகுத்து, ஒவ்வொருவரும் ஆணா பெண்ணா என்பதைச் சுமார் 97 விழுக்காடு சரியாகக் கணித்ததாக 2023இல் வெளியிட்டனர். பாலினத்தைச் சொல்வது வேறு, இன்னார் என்று சொல்வது வேறு.

கேள்வி: கிழக்கு ஜெர்மனியில் மனித வாடையைப் புட்டியில் அடைத்து வைத்தார்களாமே?

பதில்: உண்மைதான். ஸ்டாசி என்ற உளவுத்துறை, விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் அமரும் நாற்காலியில் துணியை விரித்து, அவர் எழுந்து போனதும் அதைக் கண்ணாடி ஜாடியில் இட்டு மூடிப் பெயர் ஒட்டி வைத்தது. அத்தகைய ஜாடிகளை லைப்சிக் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

கேள்வி: காணாமல் போன பெரியவரைத் தேட மோப்ப நாய் வருகிறது என்றால், வீட்டார் எதை எடுத்துக் கொடுக்க வேண்டும்?

பதில்: அவர் மட்டுமே பயன்படுத்திய, துவைக்காத பொருளைக் கொடுங்கள், தலையணை உறையோ உள்பனியனோ சிறந்தது. அழுக்குக் கூடையில் மற்றவர் துணியோடு கிடந்ததைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்தால் நீங்களே தொடாமல், அது இருக்கும் இடத்தைக் காவலருக்குக் காட்டி, அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.