பத்தொன்பது வயதுக் குரலை அவசரப்படுத்தாதீர்கள்

மும்பை செம்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. பத்து வருடம் கர்நாடக சங்கீதம் கற்ற மகள் இப்போது ஓபரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், பாடப்போகிறேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அவள் முப்பதை நெருங்கும்போதுதான் போடத் தொடங்கும். அதுவரை தாங்க உங்கள் வீடு தயாரா என்பதைத்தான் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இத்தனை காலம்? உங்கள் மகள் ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடுகிறாள்; தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டால் சபையே நிமிர்ந்து உட்காரும். சொப்ரானோ, அதாவது ஓபராவில் பெண்களின் உச்சக் குரல், தொட வேண்டிய உச்சம் அதற்கும் பத்து ஸ்வரஸ்தானங்கள் மேலே இருக்கிறது. அதையும் மைக் இல்லாமல், ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டும். சண்முகானந்தா ஹாலில் மைக்கை அணைத்துவிட்டுப் பாடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த பலம் உடம்பில் மெல்லத்தான் ஊறும். லேசான குரல்கள் இருபதுகளின் நடுவில் நிலைபெறும். கனமான குரல்களுக்கு முப்பதும் தாண்டலாம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணை, இருபது வயதில் ஒரு போட்டிக்காகக் கனமான பாடல் ஒன்றைப் பாட வைத்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தும் அழுத்தமாகத் தடுக்கவில்லை. குரல்நாண்களில் முடிச்சு விழுந்து, ஒரு வருடம் பாடவே முடியாமல் இருந்தாள். அந்த வருத்தம் இன்னும் என்னுள் இருக்கிறது. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: ஆசிரியர் மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் வரும் பார்பரினா போன்ற சிறு வேடத்தைக் கொடுத்தால் மகிழுங்கள். எடுத்த எடுப்பில் புச்சினியின் துராந்தோத் போன்ற கனமான வேடம் என்றால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.

கர்நாடக சங்கீதம் வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். காதும் ஞாபகசக்தியும் தாளக்கட்டும் அப்படியே உதவும். பழக வேண்டியது குரலை ஒலிக்கவிடும் முறை. கமகம் தானாக நுழையாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு இசைத் தேர்வுகள் நல்ல அடித்தளம், ஆனால் சான்றிதழைப் பார்த்து எந்த அரங்கமும் வேலை தராது. பி.ஏ. படிக்கட்டும், கூடவே காலா கோடாவின் மாக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் கற்கட்டும், பிறகு இத்தாலியனும் வேண்டும். பாடகர்களை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கும் ஓபரா அரங்கம் நம் நாட்டில் இல்லை. ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடப்பவை 80 அளவில் உள்ளன. கோரஸில் பாடுபவர்களுக்குக்கூட அங்கே நிலையான சம்பளம். அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அங்குள்ள பெரும்பாலான அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ. படிப்புக்குப் பின் ஓபரா ஸ்டூடியோ எனப்படும் பயிற்சிக் காலம் உண்டு. பல இடங்களில் அதற்கு வயது வரம்பு முப்பதை ஒட்டியே இருக்கும். இருபத்தைந்துக்குள் கல்யாணம் என்ற உங்கள் கணக்கை இதன் அருகில் வைத்து, அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

மும்பையில் பிறந்து லண்டனில் பயின்ற சொப்ரானோ பாடகி பேட்ரிசியா ரொசாரியோ, 2016இல் மும்பை ராயல் ஓபரா ஹவுஸ் மீண்டும் திறந்தபோது அங்கே பாடினார். இங்குள்ள இளம் பாடகர்களுக்கு அவர் பல ஆண்டுகளாகப் பயிற்சியும் தருகிறார். அப்படி ஒருவர் உங்கள் மகளின் குரலை நேரில் கேட்டுச் சொல்வது என் சொல்லைவிட மதிப்புள்ளது. அந்த வாய்ப்புக்கு முயலுங்கள். அவர்கள் "இன்னும் இரண்டு வருடம் பொறு" என்றால், முகம் வாடாமல் அவளை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.