எந்தப் பீரங்கி?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மேலாளர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். நெப்போலியன், அலெக்சாண்டர் கதையெல்லாம் சொல்லி, 'தலைவன் கட்டளையிட்டால் படை கேள்வி கேட்காமல் பாய வேண்டும்' என்றார் பயிற்சியாளர். போர் வரலாறு தொழிலுக்கு உண்மையிலேயே உதவுமா?
– ஓசூர் வாசகர்

பதில்: உதவும். ஆனால் ஜெயித்தவர் கதையைவிட, சொதப்பியவர் கதை அதிகம் உதவும். ஜெயித்தவர் செய்த கிறுக்குத்தனம்கூடப் பிற்பாடு வியூகம் என்று பெயர் வாங்கிவிடுகிறது.

கேள்வி கேட்காமல் பாய்ந்த படை ஒன்று உண்டு. 1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்ளாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு குன்றின் மேல் நிற்கிறார். காலையில் பறித்த பிரிட்டிஷ் பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப்போகப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. 'குதிரைப்படை வேகமாக முன்னேறி, பீரங்கிகளை எதிரி கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும். உடனடியாக' என்று சீட்டு அனுப்புகிறார். எந்தப் பீரங்கி? அது சீட்டில் இல்லை. மேலே நிற்பவருக்குத்தான் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே!

கீழே பள்ளத்தாக்கில் இருந்த, மொத்தக் குதிரைப்படைக்கும் தலைவரான லூகன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவே இல்லை. சீட்டு கொண்டுவந்த கேப்டன் நோலனைக் கேட்டால், அவர் எரிச்சலோடு பொத்தாம்பொதுவாகக் கையை வீசிக் காட்டுகிறார். பள்ளத்தாக்கின் கோடியில் இருந்ததோ வேறொரு ரஷ்யப் பீரங்கி வரிசை. அதைத்தான் சொல்கிறார் என்று லூகன் எடுத்துக்கொண்டார்.

பாய வேண்டிய படைப்பிரிவுக்குத் தலைவர், லூகனுக்குக் கீழே இருந்த கார்டிகன் பிரபு. லூகனின் மைத்துனர், இருவருக்கும் ஆகவே ஆகாது. 'எதிரேயும் பீரங்கி, இரண்டு பக்கமும் ரஷ்யர்கள்' என்று அவர் சொல்லிப் பார்த்தார். 'தெரியும், ஆனால் ராக்லன் சொல்லிவிட்டார்' என்றார் லூகன். நம்ம ஆபீஸ்களில் தினமும் காதில் விழுகிற பதில்தான். குன்றுக்கு ஓர் ஆளை அனுப்பி விளக்கம் கேட்க யாரும் முனையவில்லை. சுமார் 670 பேர் பாய்ந்தார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். அதனால் அவர் கை எந்தப் பக்கம் காட்டியது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

அப்புறம்? ராக்லன் பழியை லூகன் மேல் போட்டார். லூகன் சீட்டைக் காட்டினார். கார்டிகனுக்கு ஊர் திரும்பியதும் குதிரைப்படைத் தலைமை ஆய்வாளர் பதவி. லூகனும் பின்னாளில் ஃபீல்ட் மார்ஷல்!

உங்கள் பயிற்சியாளரிடம் அடுத்த முகாமில் இந்தச் சீட்டைத் திரையில் போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, போன மாதம் உங்கள் எம்.டி. 'அர்ஜென்ட்' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும்.