கட்டியை எடுத்த பிறகு கணவர் ஏன் இப்படி எரிந்து விழுகிறார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். செம்பனைக் குலை வெட்டும் வேலை பார்த்த கணவருக்கு மூன்று மாதத்துக்கு முன்பு முன்மூளைக் கட்டியை எடுத்தார்கள். இப்போது ராத்திரியில் தூங்குவதில்லை, சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார், கொஞ்ச நேரத்தில் தேம்பி அழுகிறார். "என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா, இல்லை யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா?"

இரண்டும் இல்லை அம்மா. கோபத்தை அடக்குகிற கடிவாளம் முன்மூளையில் இருக்கிறது. கட்டி இருந்ததும் கத்தி பட்டதும் அங்கேதான். போதாததற்கு மருந்துகள் வேறு. வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தாசோன் தூக்கத்தைக் கெடுக்கும், அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வரும். வலிப்புக்கான லெவிடிராசிட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும். டெக்ஸாவை ராத்திரி எட்டு மணிக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மதியத்தோடு முடித்துக்கொள்ளலாமா, வலிப்பு மருந்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் ஜூஸ் போத்தல் விற்க வந்து, "அந்த மாத்திரையெல்லாம் விஷம்" என்றாராம். படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. வாரக்கணக்கில் டெக்ஸா சாப்பிட்டவரின் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், மூளை வீக்கம் திரும்பும். வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு வரும். அப்படி நிறுத்தி, பக்கத்து வீட்டு வேனில் தூக்கி வரப்பட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மனைவியின் பிளாஸ்டிக் பையில் பாதி போத்தல் மிச்சம் இருந்தது. விற்றவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பென்சன் வாங்கித் தருகிறேன் என்று பங்கு கேட்கிற ஏஜெண்டும் இதே ரகம்தான். விண்ணப்பிக்கக் காசு கிடையாது, நேராக அலுவலகத்துக்குப் போங்கள்.

அறுவைக்கு ஓர் அறை, கதிர்வீச்சுக்கு ஓர் அறை, மருந்துக்கு ஒரு கவுண்டர். "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்க எந்த அறையிலும் ஆள் இல்லை. மனச்சுமைக்கு 0 முதல் 10 வரை எண் கேட்கும் ஒரு தாள் பல வருடமாக இருக்கிறது, ஒரு நிமிட வேலை. 4 வந்தாலே கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே நோட்டில் தினமும் எழுதுங்கள்: எண், மாத்திரை நேரம், என்ன நடந்தது. உங்கள் எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். அதைக் காட்டி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஓரிரு நாளில் ஆளே மாறிப்போனால் அதை மனசு என்று நினைக்காதீர்கள். காலையில் தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று வந்தாலும் நேரே அவசரப் பிரிவு. அப்பாய்ண்ட்மெண்ட் அடுத்த வாரம்தானே என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி ஆனாலும் சரி, மழை ஆனாலும் சரி.

"செத்துப்போகலாம்" என்று அவர் சொன்னாலும் அவசரப் பிரிவுதான். பேச ஆள் வேண்டுமென்றால் ஹீல் 15555 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. வீட்டுப் பின்கட்டில் களைக்கொல்லி போத்தல் இருந்தால் இன்றைக்கே வெளியே கொடுத்துவிடுங்கள், குலை வெட்டும் கத்தியையும் சேர்த்து.