வரிசையில் நிற்கும் பிள்ளை பந்து கற்காது

வாசகர் கேள்விகள் – குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் கோச்சுகளைத் தயார்படுத்துவது பற்றி. பதில்கள்: பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி தரும் குழுவினர்.

*

எங்கள் பள்ளியில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் கால்பந்து வகுப்பு தொடங்குகிறோம். கல்லூரி அணியில் ஆடிய நான்கு இளைஞர்கள் கோச்சாக வருகிறார்கள். நன்றாக ஆடுவார்கள், ஆனால் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. இரண்டு நாளில் அவர்களுக்கு என்ன கற்றுத்தரலாம்?
– உடற்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி

நன்றாக ஆடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தங்களுக்கு 18 வயதில் கோச் என்ன செய்தாரோ, அதையே ஆறு வயதுக் குழந்தையிடம் செய்வார்கள்: மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டம், பிறகு நீட்டி மடக்கும் பயிற்சி, பிறகு ஒற்றை வரிசையில் நின்று கோன்களுக்கு நடுவே பந்தை உருட்டிப்போய் கோல் அடிப்பது. இந்த வரிசையை முதலில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 20 பிள்ளைகள், ஒருவருக்கு 15 விநாடி என்றால், ஒரு முறை வந்து மறுமுறை வர 5 நிமிடம். இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கே வாய்ப்பு, அதாவது மொத்தம் ஒரு நிமிட ஆட்டம். மிச்ச 19 நிமிடமும் அது முன்னால் நிற்பவனின் சட்டையை இழுத்துக்கொண்டு நிற்கும். பிறகு “பசங்களுக்கு ஒழுக்கமே இல்லை” என்று கோச் புலம்புவார்.

இரண்டு நாளையும் வகுப்பறையில் கழித்துவிடாதீர்கள். முதல் நாள் காலை முக்கால் மணி நேரம் அறைக்குள் போதும். வயதுவாரியாகப் பிள்ளைகளால் என்ன முடியும், பாதுகாப்பு விதிகள் என்ன என்பதோடு அதை முடித்துக்கொள்ளுங்கள். அடுத்து, 16 பிள்ளைகளை வரவழைத்து நீங்களே 40 நிமிட வகுப்பு எடுத்துக் காட்டுங்கள். நான்கு இளைஞர்களும் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். நீங்கள் பேசும் நேரத்தை மட்டும் குறிப்பார். இன்னொருவர் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்தில் அதன் கால் எத்தனை முறை பந்தைத் தொட்டது என்று எண்ணுவார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூன்றாமவர் நிமிடத்துக்கு ஒருமுறை, சும்மா நிற்கும் பிள்ளைகளை எண்ணுவார். நான்காமவர் நீங்கள் யார் யார் பெயரைச் சொல்லி அழைத்தீர்கள் என்று எழுதுவார்.

மாலையில் அவர்கள் இருவர் இருவராக, தலா 12 நிமிடம் அதே பிள்ளைகளுக்கு எடுக்கட்டும். எண்ணும் வேலை மற்ற இருவருக்கு. முடிந்ததும் உங்கள் கருத்தைச் சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் கையில் கொடுங்கள். 12 நிமிடத்தில் தான் பேசியே ஐந்து நிமிடம் தீர்ந்தது என்று தாளில் பார்த்தவருக்கு வேறு விமர்சனம் தேவையில்லை. மறுநாள் காலை அதே பகுதியை, ஒரே ஒரு மாற்றத்தோடு மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். “நேற்று மூன்று விளக்கம் தந்தாய், இன்று ஒன்று மட்டும்” என்பதுபோல. பல பயிற்சி முகாம்களில் இந்த இரண்டாவது வாய்ப்பைத்தான் கொடுப்பதில்லை. திருத்திச் செய்து பார்க்காமல் வீட்டுக்குப் போனவர், சனிக்கிழமை பழையபடி விசிலை ஊதி வரிசை கட்டச் சொல்லுவார்.

கோச்சுகளையே பிள்ளைகளாக நடிக்கவைத்துப் பயிற்சி தருவது செலவில்லாத வழிதான். ஆனால் பெரியவர்கள் சொன்ன இடத்தில் நிற்பார்கள், விதியை ஒரே தடவையில் புரிந்துகொள்வார்கள். ஷூ லேஸ் அவிழ்ந்து அழுகிற பிள்ளை அங்கே இருக்காது. ஆட்டத்தின் அமைப்பைக் காட்ட அது உதவும். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

*

பந்து எங்கே போனாலும் எல்லாப் பிள்ளைகளும் ஈ மொய்ப்பதுபோல் அங்கேயே ஓடுகிறார்கள். “பரவி நில்லு, உன் பொசிஷன்ல நில்லு” என்று தொண்டை வறளக் கத்தியும் பலனில்லை.
– முன்னாள் மாவட்ட வீரர், மதுரை

ஆறு ஏழு வயதில் அப்படித்தான் ஓடுவார்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் தானும் பந்தும் மட்டும்தான். சக ஆட்டக்காரன், காலி இடம் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குத் தெரியும். கத்துவதை நிறுத்திவிட்டு ஆட்டத்தின் அமைப்பை மாற்றுங்கள்.

அணிக்கு மூன்று பேர், மைதானம் ஏறக்குறைய 25 மீட்டருக்கு 20 மீட்டர். இரு முனைகளிலும் இரண்டிரண்டாக நான்கு சிறு கோல்கள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம். ஒரே முனையில் உள்ள இரண்டுக்கும் நடுவே 10 முதல் 12 மீட்டர் இடைவெளி. கோல்கீப்பர் கிடையாது. கோலுக்கு ஆறு மீட்டருக்குள் வந்துதான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பலசாலிப் பையன் நடுவிலிருந்தே உதைத்துக்கொண்டிருப்பான். ஒரு கோலைச் சுற்றிக் கும்பல் கூடினால் அடுத்த கோல் காலியாகக் கிடக்கும். இரண்டு வாரத்தில் யாராவது ஒரு பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்து, பந்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். பரவி ஆடுவது அங்கேதான் தொடங்குகிறது.

ஹார்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளர் பரப்பிய ‘ஃபுனினோ’ ஆட்டத்தின் அமைப்பு இது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து ஏழு வயதுக்குட்பட்டோருக்கு இருவர் அணி, மூவர் அணி ஆட்டங்களையே நாடு முழுவதும் கட்டாயமாக்கியிருக்கிறது. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடே ஆறு வயதுக் குழந்தைக்குப் பொசிஷன் சொல்லித்தரவில்லை. நீங்களும் அவசரப்பட வேண்டாம். ஒன்பது பத்து வயதில் ஐந்து பேர் அணி, அதற்குப் பின் ஏழு பேர் அணி என்று போகலாம்.

*

எந்த அளவுப் பந்து வாங்குவது? எத்தனை?
– பெற்றோர் சங்கச் செயலாளர், திருச்சி

எட்டு வயது வரை 3-ஆம் எண் பந்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 4-ஆம் எண் (சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ.). பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். சின்னப் பிள்ளை அதை உள்காலால் தள்ள முடியாமல் விரல்நுனியால் குத்தும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை பிள்ளைக்கு ஒரு பந்து. கட்டவே கட்டாது என்றால் இருவருக்கு ஒன்று, அதற்குக் கீழே இறங்காதீர்கள். நான்கு விலையுயர்ந்த பந்துகளைவிடப் பன்னிரண்டு சாதாரணப் பந்துகள் மேல்.

காற்றை இறுக்கி அடைக்க வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் சற்று உள்வாங்க வேண்டும். பம்ப் ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழிந்துவிடும். புதுப் பந்து ஒரே மாதத்தில் காற்று இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

*

கடற்கரையோரக் கிராமத்தில் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறோம். கோன், கோல்கம்பம் வாங்க வசதியில்லை. இருக்கிற பொருட்களை வைத்துப் புதுப் பயிற்றுநர்களுக்கு எப்படிப் பழக்கலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

கோன் இல்லாதது குறையே இல்லை. பழைய துணிப்பட்டைகள், தட்டையாக வெட்டிய ரப்பர்த் துண்டுகள், பாதியளவு மணல் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல்கள் போதும். கல், செங்கல், சிரட்டை வேண்டாம். விழுந்தால் முட்டியும் முகமும் கிழியும். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் பயன்படுத்தவே கூடாது. ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். வெள்ளைக் கோலமாவு தூவினால் போதும். மணலில் குதிகாலால் கீறினாலும் கோடுதான்.

புதுப் பயிற்றுநருக்கு இந்தப் பொருட்களை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். ஓர் ஆட்டத்தைக் கொடுத்து, நான்கு விஷயங்களில் ஒன்றை மட்டும் மாற்றி அதைச் சுலபமாக்கவோ கடினமாக்கவோ சொல்லுங்கள்: இடம், வேலை, பொருள், ஆள். உதாரணத்துக்கு ‘சுறாவும் மீனும்’. 20-க்கு 15 மீட்டர் கட்டத்தில் பந்தோடு பத்து மீன்கள், பந்தில்லாமல் ஒரு சுறா. மீன்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பந்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும். சுறா பந்தை வெளியே தட்டிவிடும். சுறாவுக்கு ஒன்றுமே சிக்கவில்லையா? கட்டத்தைச் சுருக்குங்கள், அல்லது இரண்டு சுறா. எல்லோரும் ஒரே நிமிடத்தில் அவுட்டா? கட்டத்தை அகலமாக்குங்கள். அவுட்டான பிள்ளையை மட்டும் வெளியே உட்காரவைக்காதீர்கள். முதலில் அவுட்டாவது எப்போதும் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். பந்தை எடுத்துவந்து பத்து முறை உள்ளங்காலால் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வரட்டும்.

*

தவறைத் திருத்தும்போது பிள்ளைகள் காதிலேயே வாங்குவதில்லை. எங்கள் கோச்சுகளுக்கு இதை எப்படிப் பழக்குவது?
– அகாடமி நடத்துபவர், வியாசர்பாடி

முதலில் கோச் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மாலை வெயில் பிள்ளைகளின் முகத்தில் அடிக்கும்படி நிறுத்திவைத்துப் பேசினால் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறெங்கோதான் பார்ப்பார்கள். வெயில் கோச்சின் முகத்தில் படட்டும், பிள்ளைகளுக்கு முதுகில் படட்டும். பக்கத்தில் வேறு குழு ஆடிக்கொண்டிருந்தால் அதுவும் அவர்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை அதை உருட்டாமல் இருக்காது. பேசும் முன் பந்தின் மேல் உட்காரச் சொல்லுங்கள். கோச் குந்தி அமரட்டும். பேச்சு அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். பாஸ் கற்றுத்தரும்போது “ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வை, கணுக்காலை இறுக்கு, உள்காலால் நடுப்பந்தைத் தட்டு, உடம்பை முன்னால் சாய், தலையைத் தூக்கு” என்று ஐந்தையும் கொட்டினால் பிள்ளை குழம்பிப் பந்தையே தவறவிடும். பந்து கோணலாகப் போகிறதா? பெரும்பாலும் ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் தங்கியிருக்கும், அல்லது அதன் விரல்கள் வேறு பக்கம் பார்க்கும். அதை மட்டும் சொல்லுங்கள்: “இந்தக் கால் விரல் நண்பனைப் பார்க்கட்டும்.” அதையும் சொல்லும் முன் ஒருமுறை செய்து காட்டுங்கள். சிறுபிள்ளை பார்த்துத்தான் கற்கும்.

மூன்றாவது, ரிமோட் வைத்து இயக்குவதுபோல் ஓரத்திலிருந்து “பாஸ் போடு! அடி! திரும்பு!” என்று கத்துவது. கோச் கத்திக் கத்தி ஆட்டுவித்தால், முடிவெடுப்பது கோச். ஓடுவது மட்டும் பிள்ளை. பயிற்சியின்போது உங்கள் கோச்சுகளைப் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் ஓர் ஆட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். முதல் மூன்று நிமிடம் தவிப்பார்கள். பிறகுதான் ஆட்டத்தைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.

*

ஒரே கோச், 5 முதல் 11 வயது வரை முப்பது பிள்ளைகள். என்ன செய்ய?
– வாசகர், சேலம்

முப்பது பேரையும் ஒரே மணியில் எடுக்காதீர்கள். 5–7 வயதுக்கு 40 நிமிடம், 8–11 வயதுக்கு அடுத்த ஒரு மணி நேரம் என்று பிரியுங்கள். அப்போதும் 10, 12 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். உள்ளூர்ப் பதினைந்து வயதுப் பையன், பெண் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். பொறுப்பை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

*

ஹெடிங் (தலையால் பந்தை முட்டுவது) எந்த வயதில் கற்றுத்தரலாம்?
– வாசகர், நாகர்கோவில்

பன்னிரண்டு வயது வரை அவசரமே இல்லை. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெடிங்கை 2015-இல் தடைசெய்து அறிவித்தது. இங்கிலாந்துச் சங்கம் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அது கூடாது என்று 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறகு தொடங்கும்போதும் இலேசான ஸ்பாஞ்சுப் பந்து, சில தடவைகள் மட்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறும் பிள்ளையைச் “சரியாப் போச்சு, போ” என்று அதே நாளில் மறுபடி இறக்கக் கூடாது. மருத்துவர் பார்க்கட்டும்.

*

நான் கால்பந்து ஆடியதே இல்லை. என் மகளின் குழுவில் உதவி கோச்சாக வரும்படி கேட்கிறார்கள். முடியுமா? சான்றிதழ் வேண்டுமா?
– இல்லத்தரசி, கோவை

தாராளமாக முடியும். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டியது, பெயர் சொல்லி அழைக்கிற, ஆட்டத்தைச் சட்டென்று அமைக்கத் தெரிந்த, பொறுமையுள்ள பெரியவர். சொந்த ஆட்டத்திறமை பின்னால்தான். சான்றிதழ் பெற விரும்பினால், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடக்கநிலையில் இ, டி உரிமப் படிப்புகளை நடத்துகிறது; அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ உண்டு. அடுத்த படிப்பு எப்போது என்பதைத் தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்தில் கேளுங்கள். ஆனால் உரிமம் கையில் இருப்பதாலேயே ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவர் ஆகிவிடமாட்டார். ஒரு வகுப்பு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் சேருவதில் இன்னொரு நன்மை: பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில் ஒரு பெண்ணாவது பொறுப்பில் இருக்க வேண்டும். கோச் யாராக இருந்தாலும் விதி ஒன்றே. எந்தப் பிள்ளையோடும் மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது, வாட்ஸ்ஆப் செய்தி பெற்றோருக்கு மட்டும், படம் எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும். பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் “உள்ளேயே பேசித் தீர்க்கலாம்” என்பதற்கு இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. கோச் பயிற்சியின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கோடை முகாமில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் தொடங்குங்கள். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெயிலைவிடப் பலர் மறப்பது கோல்போஸ்ட். தூக்கி நகர்த்தும் இரும்புக் கம்பத்தில் பிள்ளை தொங்கினால் அது முன்பக்கம் சாயும், உயிரே போகும். பின்சட்டத்தில் இரண்டு மூலையிலும் மணல் மூட்டை கட்டி, பெரியவர் ஒருவர் மேல்கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே பிள்ளைகளை உள்ளே விட வேண்டும். முகாம் முடிந்ததும் கம்பத்தைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டிவிடுங்கள். கோச் இல்லாத நேரத்தில்தான் பிள்ளைகள் அதில் ஏறுவார்கள்.